பக்கக் கதவு

ஒரு வீடு மாறும்போது அதை மாற்றும் உரிமை யாருக்கு இருக்கிறது? வரைந்தவருக்கா, வாங்கியவருக்கா, குடியிருப்பவருக்கா, அல்லது அந்தத் தெருவில் தினமும் நடந்து போகிறவருக்கா? சொந்தமாக ஒரு கதவுகூட இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் வீட்டைப் பற்றி அதிகம் யோசிப்பவர்கள் வீடு இல்லாதவர்கள்தான். இருப்பவர்களுக்கு அது யோசிக்க வேண்டிய விடயமாக இருப்பதில்லை.

நாங்கள் மூவர். ரொறன்ரோவில் ஒரே உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறோம். மூவருமே முப்பதுகளில் இருப்பவர்கள், பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டு வந்தவர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு வேலை தொடங்கும்வரை இரண்டு மணித்தியாலம் சம்பளமில்லாத ஓய்வு கிடைக்கும். வீட்டுக்குப் போய்த் திரும்ப அந்த நேரம் காணாது. எண்ணெய் மணக்கும் குசினிக்குள் இருக்கவும் மனம் வராது. ஆகவே நடக்கிறோம். அருகிலேயே டொன் மில்ஸின் பழைய தெருக்கள் இருக்கின்றன. வருடக்கணக்காக நடந்ததில், எந்த வீட்டுக்கு எப்போது கூரை மாறியது, எந்த வளவில் மரம் தறிபட்டது என்பதெல்லாம் எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

டொன் மில்ஸ் தன்பாட்டில் வளர்ந்த ஊர் அல்ல. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, திரும்பி வந்த படைவீரர்களுக்கும் புதிதாகக் குடும்பமானவர்களுக்கும் வீடு போதாமல் இருந்த காலம் அது. பியர் உற்பத்தியில் பெரும் பணக்காரரான ஈ.பி. ரெய்லர் நகரத்துக்கு வெளியே 2,000 ஏக்கருக்கும் அதிகமான பண்ணை நிலத்தை வாங்கிச் சேர்த்தார். ஊருக்கான திட்டத்தை வரைந்தவர் மக்லின் ஹான்கொக். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, ஹார்வார்டில் மேற்படிப்பு மாணவர். ஐம்பதுகளின் முற்பகுதியில் வீடுகள் எழத் தொடங்கின. டொன் மில்ஸ் வீதியும் லோறன்ஸ் அவனியூவும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி நான்கு அயல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாடசாலை, நடுவில் கடைத்தொகுதி, ஓரத்தில் தொழிற்சாலைகள், எல்லாவற்றையும் சுற்றிப் பசுமையான வெளி. கார்கள் ஊடறுத்து ஓடாதபடி தெருக்கள் வளைந்து போகும். வீடுகளுக்கு இடையால் நடைபாதைகள் போகும். ஒரு பிள்ளை பெரிய வீதியைக் கடக்காமல் பள்ளிக்கூடம் போய்வரலாம். இதை வரைந்தவருக்கு மனிதர்மேல் அக்கறை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அந்த அக்கறைக்குள் கட்டுப்பாடும் இருந்தது. வீட்டை வரையும் கட்டடக் கலைஞரைக் கம்பனி அங்கீகரிக்க வேண்டும். வெளிச்சுவரின் நிறத்தையும் அதற்குப் பாவிக்கும் பொருளையும் கம்பனிதான் தீர்மானித்தது. சரிவு குறைந்த கூரை, அகலமான காணி, பெரிய கண்ணாடி யன்னல், தூண்களில் நிற்கும் திறந்த கார்க்கொட்டகை. பெரும்பாலானவை 'பங்களோ' என்று இங்கே சொல்லப்படும் ஒருமாடி வீடுகள். வங்காளத்துக் குடிசையைப் பார்த்து வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்ட சொல் அது. நமது மலையகத்தில் பங்களா என்றால் துரையின் மாளிகை, அதற்குக் கீழேதான் தொழிலாளரின் லயங்கள். கனடாவில் அதே சொல் ஒரு சிறிய, அடக்கமான வீட்டுக்குப் பெயர். ஒரு சொல்லே கடல் தாண்டும்போது இப்படி மாறுகிறதென்றால் வீடு மாறுவதில் அதிசயம் இல்லை.

இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் மூன்று விதமான மாற்றங்களைக் காணலாம். முதலாவது, சேர்த்தல். கார்க்கொட்டகைக்குச் சுவர் வைத்து ஒரு அறையாக்கியிருப்பார்கள். பின்பக்கம் ஒரு பத்தி இறக்கியிருப்பார்கள். தாயையோ தகப்பனையோ கூட்டிவந்து வைத்திருக்க முன்படியில் ஒரு சாய்தளம் போட்டிருப்பார்கள். இரண்டாவது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மாற்றம். பக்கச் சுவரில் ஒரு கதவு, கதவருகில் இரண்டாவது கடிதப்பெட்டி, படியில் நாலைந்து சோடிச் சப்பாத்து. அந்தப் பேஸ்மென்றில் வேறொரு குடும்பம் வாழ்கிறது. மூன்றாவது, வீடே இல்லாமற் போதல். ஒரு நாள் வேலி போட்டு மறைத்திருக்கும். அடுத்த கிழமை வெறும் குழி. அடுத்த வருடம் அதே காணியில் எல்லைவரை நீட்டி நிமிர்ந்த இரண்டு மாடி, பெரிய தூண், கல் ஒட்டிய முகப்பு.

கட்டடக் கலையை நேசிப்பவர்கள் இந்த மூன்றையும் ஒரே இழப்பாகவே பார்க்கிறார்கள். மூல வடிவம் கெட்டுவிட்டது என்பது அவர்களின் துக்கம். வீட்டை வாங்கியவர்கள் இந்த மூன்றையும் ஒரே உரிமையாகப் பார்க்கிறார்கள். என் காசு, என் வீடு என்பது அவர்களின் நியாயம். இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்வதாகவே எங்களுக்குப் படுகிறது. மூன்றும் ஒன்றல்ல.

முதலில் மூல வடிவம் என்பதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் லோங் ஐலண்டின் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் 1947 முதல் 1951 வரை லெவிற் கம்பனி 17,447 வீடுகளைக் கட்டியது. லெவிற்றவுண் என்று பெயர். வேலி அடைக்கக்கூடாது, புல்லை ஒழுங்காக வெட்ட வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. குடிவந்தவர்கள் மேற்கூரையின் கீழ் முடிக்கப்படாமல் விடப்பட்ட இடத்தை அறைகளாக்கினார்கள், பக்கங்களில் நீட்டினார்கள், முகப்பை மாற்றினார்கள். ஒரே அச்சில் வார்த்த ஊர் என்று கேலி செய்யப்பட்ட அந்த இடத்தில் இன்று மாறாத வீடு ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இது சீரழிவு அல்ல. குடியிருக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு வீட்டுக்கு என்ன தேவை என்பது தெரியவருகிறது. 1951 இல், குண்டுவீச்சில் சிதைந்த ஜேர்மன் நகரமான டார்ம்ஸ்ராட்டில் கட்டடக் கலைஞர்கள் முன் பேசிய மார்ட்டின் ஹைடெகர், கட்டுவதற்கும் முந்தியது வாழ்தல் என்ற கருத்தை விளக்கினார். 1933 இல் நாசிக் கட்சியில் சேர்ந்த ஒருவரின் வாயிலிருந்து குடியிருத்தலைப் பற்றிக் கேட்பது அகதிகளாகிய நமக்கு அவ்வளவு சுலபமல்ல. ஆனாலும் அந்தக் கருத்தின் ஒரு பகுதியையாவது லெவிற்றவுண் மக்கள் ஆணியும் பலகையும் கொண்டு நிரூபித்தார்கள்.

மூல வடிவம் ஒருபோதும் அப்பாவியாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லெவிற்றவுணின் ஆரம்ப ஒப்பந்தங்களில் வெள்ளையரல்லாதவர் அந்த வீட்டில் குடியிருக்கக்கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. இத்தகைய பிரிவுகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று 1948 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் கம்பனி கறுப்பு மக்களுக்கு விற்க மறுத்தே வந்தது. கனடாவும் விலக்கல்ல. டொன் மில்ஸுக்குத் தெற்கே கிழக்கு யோர்க்கில், யூதருக்கும் விரும்பத்தகாத தேசத்தவருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு காணி இருந்தது. தொழிலாளர் கல்விச் சங்கம் அதை வாங்கி, மாதிரி வீடு ஒன்று கட்டி, அதை அதிர்ஷ்டச் சீட்டில் விட்டு நிதி திரட்ட முனைந்தது. அந்த நிபந்தனை செல்லாது என்று நீதிபதி மக்கே 1945 இல் தீர்ப்பளித்தார். அதற்கும் பின்னே போனால், இந்த நிலம் முழுவதும் மிசிசாகா மக்களிடமிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எடுக்கப்பட்டது. அந்தக் கொள்வனவுக்கான இழப்பீடு 145 மில்லியன் டொலர் என்று தீர்க்கப்பட்டது 2010 இல்தான். ஆகவே 'மூலம்' எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நமது நாற்சார் வீடுகளை நினைத்து இங்கே எத்தனை கவிதைகள் எழுதிவிட்டோம். நடுமுற்றம், தலைவாசல், திண்ணை, மழைநாளில் பீலியால் விழும் தண்ணீர். ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டின் வரைபடம் சாதியின் வரைபடமாகவும் இருந்தது. யார் விறாந்தைவரை வரலாம், யார் முற்றத்தோடு நிற்க வேண்டும், யார் பின்வளவால் வந்து சிரட்டையில் தேத்தண்ணி வாங்கிக் குடிக்க வேண்டும் என்பது சுவர் எழுப்புவதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டது. அந்த வீடு மாறியது என்று நாம் அழும்போது, அந்த மாற்றத்தால் யாருக்கு வாசல் திறந்தது என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே நாங்கள் மாற்றத்தின் பக்கம்தான். இங்கேதான் இரண்டாவது வகை வீடு வருகிறது.

ஹான்கொக்கின் வரைபடத்தில் நாங்கள் இல்லை. பங்களோவின் பேஸ்மென்ற் உடுப்புத் தோய்க்கவும், வெப்ப உலை வைக்கவும், பிள்ளைகள் விளையாடவும் என்று வரையப்பட்டது. அதற்குள் சமையலடுப்பையும் குளியலறையையும் வைத்து, பக்கக் கதவால் ஒரு புதிய நகரத்தையே உள்ளே விட்டார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கனடாவுக்கு வந்த நம்மவர்களில் பேஸ்மென்றில் ஒருநாளாவது படுக்காதவர்கள் குறைவு. சட்டம் பின்னால்தான் வந்தது. 1994 இல் ஒன்ராறியோ மாகாணம் இத்தகைய குடியிருப்புகளை அனுமதித்தது. அடுத்து வந்த அரசு 1996 இல் அந்த அனுமதியைப் பெருமளவு திரும்பப் பெற்றது. 2000 ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரசபை தனது ஒழுங்குவிதியால் மீண்டும் இடம் கொடுத்தது. 2023 இல் ஒரே காணியில் நான்கு குடியிருப்புகள்வரை கட்டலாம் என்று நகரம் முழுவதற்கும் அனுமதி வந்தது. சட்டம் எதைச் சொன்ன காலத்திலும் அந்தப் பக்கக் கதவால் ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

எங்கள் மூவருக்கும் அப்படி ஒரு பேஸ்மென்ற் இருந்தது. டொன் மில்ஸுக்குக் கிழக்கே, ஐம்பதுகளில் கட்டிய ஒரு பங்களோவின் கீழ்த்தளம். நான்கு வருடங்கள். கூரை தாழ்வு; குளிர்காலத்தில் யன்னலைப் பனி மூடிவிடும். ஆனாலும் இந்த நாட்டில் நாங்கள் முதன்முதலாகச் சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட்ட இடம் அது. மேலே குடியிருந்த சொந்தக்காரரும் தமிழர். எங்களுக்கு முன்பு வந்து, இரண்டு வேலை செய்து, வீடு வாங்கியவர். ஒருநாள் படியில் இறங்கி வந்து நின்றார்.

“தம்பிமார், வீட்டை விக்கப்போறன். வாங்கிறவர் இடிச்சுத்தான் கட்டப்போறாராம். குறை நினைக்காதேங்கோ.”

“இடிக்கிற அளவுக்கு வீட்டுக்கு என்ன குறை, அண்ணை?”

“வீட்டுக்கு ஒரு குறையுமில்லை. காணிக்குத்தான் விலை. வீட்டை ஆர் பாக்கினம்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர்மேல் எங்களுக்குக் கோபமும் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்குக் காசு தேவை, முதுகு நோவோடு இனி இரண்டு வேலை செய்ய ஏலாது. முறைப்படி எல்லாம் நடந்தது. இடிப்பதற்காக வெளியேற்றுவதானால் 120 நாட்கள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், சிறிய வீடென்றால் ஒரு மாத வாடகையை நட்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். இரண்டும் கிடைத்தன. சாமான்களைக் கட்டிக்கொண்டு பிளெமிங்டன் பார்க்கில் ஒரு தொடர்மாடிக்கு வந்தோம்.

120 நாட்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு ஒரு இரவு கிடைத்தது. எங்கள் மூவருக்கும் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது, பெற்றோரின் கையைப் பிடித்து நடந்தவர்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் சில நாட்களில் திரும்பலாம் என்று நினைத்துக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். அந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயமானது. யுத்தம் முடிந்த பிறகு துண்டு துண்டாக விடப்பட்டது, ஒரு பகுதி இன்னும் படையினரிடம்தான். எங்களில் ஒருவரின் தாயார் கால் நூற்றாண்டு கழித்துத் தன் வளவைப் பார்க்கப் போனார். வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் வளவை அடையாளம் கண்டார்.

இந்த இரண்டையும் ஒன்றென்று சொல்ல நாங்கள் வரவில்லை. சொல்வது அந்தத் தாய்க்குச் செய்யும் அநியாயம். சட்டத்தோடும் காசோடும் நடக்கும் இடிப்பு வேறு, புல்டோசரும் துவக்கும் செய்யும் அழிப்பு வேறு. ஆனால் இரண்டையும் அனுபவித்தவர்கள் என்ற முறையில் ஒன்றைக் கவனித்தோம். வலியின் அளவு வேறாக இருந்தாலும் ஒரு கேள்வி பொதுவானது. அங்கே வாழ்ந்தவரிடம் யாராவது கேட்டார்களா? இராணுவம் கேட்கவில்லை. சந்தையும் கேட்கவில்லை, அறிவித்தது. அறிவித்தல் நல்லது, ஆனால் அது கேட்டல் ஆகாது.

இதிலிருந்து வீடு மாறுவதை எடைபோட எங்களுக்கு இரண்டு அளவுகோல்கள் கிடைத்தன. முதலாவது, மாற்றத்துக்குப் பிறகு அந்த நிலத்தில் இடம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது. எங்கள் பங்களோவில் மேலே ஐந்து பேர், கீழே மூன்று பேர் இருந்தோம். இப்போது அந்தக் காணியில் அதைப்போல் மூன்று மடங்கு பெரிய வீடு நிற்கிறது, அதில் மூன்று பேர் இருக்கிறார்கள். சட்டம் அங்கே நான்கு குடும்பங்களுக்கு இடம் கொடுக்கிறது, ஆனால் கட்டுகிறவரை வற்புறுத்துவதில்லை. பெரிய வீடு எழும்போது பேசாமல் இருக்கும் அயலவர் சிலர், நாலு குடும்பத்துக்கு வீடு என்றதும் தெருவின் தன்மை கெட்டுவிடும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் தலைகளை எண்ணுவது மட்டும் போதாது. தலைக் கணக்குத்தான் நியாயம் என்றால் தோட்டத்து லயம்தான் உலகத்திலேயே நியாயமான கட்டடம். ஆகவே இரண்டாவது அளவுகோல்: அந்த மாற்றத்தைச் சுமக்கப் போகிறவர்களுக்கு அதில் ஒரு சொல் இருந்ததா? சாய்தளம் போட்ட வீட்டில் தாய்க்கு ஒரு சொல் இருந்தது. லெவிற்றவுணில் அறை கட்டியவர்களுக்கு இருந்தது. லயத்தில் இருந்தவருக்கு இருக்கவில்லை, பக்கக் கதவால் வருகிறவருக்கு இன்றும் இல்லை.

“என் காசு, என் வீடு” என்பதற்கு என்ன பதில்? அண்ணை சொன்னதே பதில். விலை வீட்டுக்கு அல்ல, காணிக்கு. காணிக்கு ஏன் அந்த விலை? நடந்து போகக்கூடிய பள்ளிக்கூடம், ஊடறுத்து ஓடாத தெரு, பள்ளத்தாக்கு, நிழல், பஸ். இவற்றில் ஒன்றையும் எந்தத் தனி வீட்டுக்காரரும் செய்யவில்லை. ஒரு திட்டம் செய்தது, வரிப்பணம் செய்தது, எழுபது வருடமாக அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் செய்தார்கள். பேஸ்மென்றில் இருந்து வாடகை கட்டியவர்களும் அதில் அடக்கம். பொதுவால் விளைந்த விலையை விற்கும்போது மட்டும் தனி என்று சொல்வது முழு நியாயம் ஆகாது. அந்த இளம் திட்டமிடலாளரின் உண்மையான கொடையும் இதில்தான் இருக்கிறது. அவர் விதித்த சுவர் நிறங்கள் போகட்டும். அவர் விட்ட நடைபாதைகளை எந்தத் தனி மனிதரும் கட்டியிருக்க முடியாது. வீடுகள் மாறலாம், பாதைகள் நிலைக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது.

பொது இடத்துக்கும் இதே கதைதான். டொன் மில்ஸின் நடுவில் 1955 இல் திறந்தவெளிக் கடைத்தொகுதி வந்தது. எழுபதுகளில் அதை மூடிக் கூரை போட்டார்கள். குளிருக்கு முதியவர்கள் கோப்பியோடு உட்கார்ந்திருக்க இடமானது. அயலவர்கள் எதிர்த்தும் 2006 இல் இடித்தார்கள். 2009 ஏப்ரலில் மீண்டும் திறந்தவெளியாக, வசதியானவர்களின் கடைகளோடு திறந்தார்கள். அந்த ஏப்ரலில் நம்மவர்கள் எந்த வெளியில் இருந்தார்கள் என்பதை இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைத்தொகுதியின் வடிவம் ஏறக்குறைய பழையதுக்கே திரும்பியது. ஆனால் ஒரு கோப்பியோடு பகல் முழுக்க இருந்த முதியவர்கள் திரும்பவில்லை. மூல வடிவத்தைக் காப்பாற்றினால் மனிதரையும் காப்பாற்றியதாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நம்மில் சிலர் இப்போது கட்டுகிறவர்களாக மாறியிருக்கிறோம். மார்க்கத்திலும் கட்டுகிறோம், ஊரிலும் கட்டுகிறோம். ஊரில் வெளிநாட்டுக் காசில் எழும்பிய இரண்டு மாடி வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன, பக்கத்து வளவில் தகரக் கொட்டிலில் ஒரு குடும்பம் இருக்கிறது. இழந்ததற்கு ஈடாக ஒரு வீட்டை நிறுத்திப் பார்க்கும் ஆசை எங்களுக்கும் விளங்காமல் இல்லை. ஆனால் நம்மைத் துரத்தியவர்கள் ஆளில்லாத நிலத்தை உண்டாக்கினார்கள். நாம் ஆளில்லாத வீட்டை உண்டாக்கி அதற்குப் பதில் சொல்ல முடியாது. வரைபடத்தை விரித்து மேசையில் வைக்கும்போது முகப்புக்கு எத்தனை தூண் என்று கேட்பதற்கு முதல், இதில் பக்கக் கதவால் வரப்போகிறவர் யார், அவர் முன்கதவால் வந்தால் என்ன என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கேட்டவுடனே எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் யாழ்ப்பாணத்து மேசையிலோ, லெவிற் கம்பனியின் மேசையிலோ, டொன் மில்ஸின் மேசையிலோ அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.